ஒரு பல் தள்ளி வைத்த புள்ளி

மச்சான்,

இன்று காலை உன் வண்டியின் டைமிங் பெல்ட் மூடியைக் கழற்றினேன். மேல் புல்லிப் பற்சக்கரத்தில், எழுத்துப் பிழை அழிக்கிற லிக்விட் பேப்பரால் நீ வைத்த புள்ளி இன்னும் அப்படியே இருக்கிறது. வெள்ளை கொஞ்சம் மஞ்சளாகியிருக்கிறது, அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஸ்டெல்லாவின் கைப்பையிலிருந்து அந்தக் குப்பியைச் சுட்டுக்கொண்டு வந்து, அவள் கேட்டபோது, உன் அண்ணன்தான் எடுத்தான் என்று என் பெயரைச் சொல்லித் தப்பித்தவன் நீ.

பிறகுதான் கவனித்தேன். அந்தப் புள்ளிக்குப் பக்கத்திலேயே கம்பெனிக்காரன் இரும்பில் வெட்டிய கோடு இருக்கிறது. கீழ்ப் புல்லி அதன் இடத்தில் நிற்கும்போது இந்தக் கோடுதான் மேலே நேராக நிற்க வேண்டும். நிற்கவில்லை. உன் புள்ளிதான் நிற்கிறது. சரியாக ஒரு பல் தள்ளி. அப்போது குழம்பிய தலை, இதை எழுதும்போதும் தெளியவில்லை.

ஏன் கழற்றினேன் என்று கேட்பாய். ஸ்டெல்லாவுக்குக் கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்திருக்கிறது. குருணிலிருந்து தினமும் அவளே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். பெல்ட்டுக்கு வயதாகிவிட்டது. நெடுஞ்சாலையில் அறுந்தால் இன்ஜின் போச்சு, என் தங்கச்சி நடுரோட்டில் தனியாக நிற்பாள். பெங்கல் பட்டறையில் விட்டுவிடலாம் என்றுதான் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

"வேற யாரும் கை வைக்க வேணாண்ணே. அன்னைக்கு நீங்களும் அவரும்தானே போட்டீங்க. நீங்களே போடுங்க," என்றாள்.

போய்ப் புது பெல்ட் வாங்கி வந்தேன்.

அன்று போட்டதை நினைத்துப் பார்க்கிறேன். உன் வீட்டுப் போர்ச்சில்தான். விடிந்ததும் கோலா கெடாவுக்குப் போய் மீன் வாங்கி வந்திருந்தாய். பின்பக்கம் மீன் வாடை, முன்பக்கம் ஆயில் வாடை, நடுவில் நாம் இருவர். பழைய பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் பெல்ட்டிலும் புல்லிகளிலும் புள்ளி வைத்தாய். பற்களை எண்ணி அந்தப் புள்ளிகளைப் புது பெல்ட்டுக்கு மாற்றினோம். நம்மைப் போல் வீட்டில் பழுது பார்ப்பவர்கள் எல்லாரும் செய்வதுதான். கோடு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம், பழசைப் பார்த்துப் புதுசைப் போட்டால் போதும்.

"பழசு எப்படி இருந்துச்சோ அப்படியே போடு மச்சான். ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு, பிறகென்னா லா," என்றாய்.

அந்தக் கோட்டை அன்று நான் பார்த்தேனா? பார்த்து உன்னிடம் கேட்டதாகவும் நீ ஏதோ சொல்லிச் சிரித்ததாகவும் ஒரு ஞாபகம். ஆனால் நீ என்ன சொன்னாய் என்பது வரவே மாட்டேன் என்கிறது. இன்று பார்த்ததைக் கொண்டுபோய் அந்த நாளில் நானே ஒட்டிக்கொள்கிறேனோ என்னவோ. வண்டியை உனக்கு விற்றவன் தப்பாகப் போட்டிருந்து, அதை நாம் அச்சுப் பிசகாமல் காப்பியடித்தோமா? இல்லை, உனக்கே கை தவறிவிட்டதா? நம்ப முடியவில்லை. குழாயை மூடினால் அடுத்தவன் திறக்க முடியாதபடி இறுக்கி மூடுகிற ஆள் நீ. தெரிந்தே விட்டாயா? எதற்கு?

அதனால்தான் வண்டி அப்படிக் குலுங்கியிருக்கிறது. சிக்னலில் நின்றால் கண்ணாடியெல்லாம் கடகடக்கும். மேடு ஏறினால் மூச்சு வாங்கும். கேட்டால், வண்டிக்கும் வயசாகுது, நமக்கு மட்டும் முழங்கால் ஆடலையா என்பாய். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நீ தாமதமாக வந்து சேர்வது கோயிலுக்குள் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். சாயங்காலம் தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டால்தான் ஸ்டெல்லா தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவாள். நீ செருப்பைக் கழற்றுவதற்குள் கொதித்திருக்கும்.

புது பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு முக்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன் புள்ளியா, கம்பெனிக் கோடா? புள்ளிப்படி போட்டால் நீ இத்தனை வருடம் ஓட்டிய வண்டி. அதில் அவளுக்கு எந்தக் குறையும் வந்ததில்லை. கோட்டுப்படி போட்டால் சரியான வண்டி. ஆனால் நான் எங்காவது தவறாகக் கணக்குப் போட்டிருந்தால் வால்வு வளைந்து இன்ஜினே போய்விடும். உனக்கு ஒரு போன் போட்டால் தீர்கிற விஷயம் என்று ஒரு நொடி நினைத்தே விட்டேன், மச்சான். கை பாக்கெட்டுக்குப் போன பிறகுதான் நீ கல்லறையில் இருப்பது நினைவுக்கு வந்தது.

கடைசியில் கோட்டுப்படிதான் போட்டேன். ஸ்டெல்லா தினமும் கூலிமுக்கும் வீட்டுக்கும் போய் வர வேண்டும், அதை நினைத்துத்தான். ஸ்பேனரால் கீழ்ப் புல்லியை மெதுவாகக் கையாலேயே சுற்றினேன். எங்கும் தட்டவில்லை. கோடுகள் மறுபடி நேராக வந்து நின்றன. எல்லாவற்றையும் பூட்டி, சாவியைத் திருப்பினேன்.

குலுங்கவே இல்லை. புது வண்டி மாதிரி சத்தமில்லாமல் ஓடியது. ஐந்து நிமிடம் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அப்புறம் ஸ்டெல்லா குசினியில் அடுப்பை விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வண்டியைப் பார்க்கவில்லை, வாசல் கேட்டைப் பார்த்தாள்.

"யாருண்ணே வந்திருக்கா?"

யாரும் வரவில்லை, நம் வண்டிதான் என்றேன். பக்கத்தில் வந்து பானெட்டில் கை வைத்தாள். பிறகு கேட்டாள்:

"அப்போ அவரு இவ்வளவு நாளா தப்பாவா ஓட்டிக்கிட்டு இருந்தாரு?"

"இல்லம்மா. புது பெல்ட்டு, அதான் அமைதியா இருக்கு. பழசானா சத்தம் பழையபடி வந்துடும்."

"வந்துடுமா?"

"வந்துடும்."

அவள் முகம் தெளிந்துவிட்டது. சரிண்ணே என்று உள்ளே போய் எனக்குத் தேத்தண்ணி போட்டாள். நான் சரியாகப் பார்த்த வேலைக்கு இப்படித் தலைகுனிந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

மூடியைத் திறந்து ஒரு பல் தள்ளிப் போட்டால் அந்தச் சத்தம் வந்துவிடும். போட மாட்டேன், போடவும் கூடாது. ஆனால் இனி ஒவ்வொரு நாளும் வேலை விட்டு வந்து வண்டியை நிறுத்திவிட்டு, அந்தச் சத்தம் வந்துவிட்டதா என்று இறங்காமல் அவள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாளே, அதற்கு நான் என்ன செய்வது, மச்சான்?