செல்வி சொன்ன பெயர்

18.7.96, வியாழன்

கோபம் இன்னும் அடங்கவில்லை. என் மேல்தான். புருஷன் அடியில் விலா எலும்பு முறிந்து, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து எங்கள் காப்பகத்துக்கு வந்த செல்வியின் ஜீவனாம்ச வழக்கில் சம்மன் திரும்பி வந்துவிட்டது. அந்த விலாசத்தில் முருகன் என்று யாரும் இல்லையாம்.

புருஷன் பெயரை அவள் வாயால் சொல்லமாட்டாள். சொன்னால் அவன் ஆயுள் குறைந்துவிடுமாம். "திருச்செந்தூர் சாமி பேருக்கா" என்று மட்டும் மனு எழுதிய அன்றைக்குச் சொன்னாள். முருகன் என்று நானாக எழுதி, கைநாட்டு வாங்கினேன். வாசித்துக்கூடக் காட்டவில்லை. வார்டன் உத்தியோகம் பார்க்கிற லட்சணம்.

சாயங்காலம் புதுத் தாளோடு அவளிடம் போனேன். வேலாயுதமா, கந்தனா என்று வரிசையாகக் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"விடுங்கக்கா, நானே சொல்லுதேன். சண்முகவேல்."

"ஆயுசு குறையும்னியே?"

"அவுக ஆயுசு அவுக பாடு. எனக்கும் ஒரு ஆயுசு இருக்குல்லா."

எழுதி முடித்து, இந்தத் தடவை முழுசாக வாசித்துக் காட்டினேன். கட்டைவிரலில் மையைத் தடவப் போனவள் நிமிர்ந்தாள்.

"இனிஷியலை விட்டுட்டீகளேக்கா. மறுபடியும் சம்மன் திரும்பி வரணுமா?"