மீதி இரண்டு தாள்கள்

மார்ச் 2

அன்பு விண்ணப்பத்துக்கு,

நலம். நீயும் நம் குட்டிப்பெண் கடுகும் நலமா? போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, முக்கியமானதையெல்லாம் கடிதத்தில்தான் பேசுவது என்று நாம் போட்ட ஒப்பந்தப்படி எழுதுகிறேன். காலையிலிருந்து லிப்ட் கூண்டின் தலைமேல் நின்று கிரீஸ் போட்ட கை. கறை இருந்தால் பொறுத்துக்கொள்.

இரண்டரை வருஷமாக நீ நச்சரித்தது நடக்கப்போகிறது. குடும்பத்தை அழைத்துக்கொள்ளக் கம்பெனியில் அனுமதி கொடுத்துவிட்டார்கள். இத்துடன் இரண்டு படிவங்கள். ஒன்று உனக்கு, ஒன்று கடுகுக்கு. எல்லாம் நிரப்பியாயிற்று. நீ போட்டோ ஒட்டி, இரண்டு பாஸ்போர்ட்டையும் சேர்த்து, அங்கே விசா அலுவலகத்தில் கொடுத்தால் போதும். ஊருக்கெல்லாம் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறவளுக்கு நான் எழுதி அனுப்புகிறேன், பார்த்தாயா!

கடுகுக்கு இங்கே தனி அறை. ஜன்னலைத் திறந்தால் பள்ளிக்கூட மைதானம் தெரியும். சுவருக்கு மஞ்சள் அடித்தாயிற்று. அவளுடைய உயரத்தையும் செருப்பு அளவையும் எழுது.

உன் லிப்ட்காரன்


மார்ச் 13

அன்புள்ள என்னங்களுக்கு,

கல்யாணமாகிப் பத்து வருஷமாகியும் உங்களை வேறெப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

கவர் வந்தது. கடுகு அதைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை ஓடி, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் காட்டிவிட்டு வந்தாள். எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நாலு பேரோடு ஒரே அறையில் படுத்திருந்த மனிதர் எப்போது வீடு பிடித்தார்? எனக்கு ஏன் சொல்லவில்லை?

இனி தொழில் பேச்சு. பேங்க் சலானில் தேதி எழுதும் இடத்தில் பேரை எழுதுகிறவர் நீங்கள். இந்தப் படிவங்களில் ஓர் அடித்தல் இல்லை, கட்டத்தை விட்டு ஓர் எழுத்து வெளியே போகவில்லை. இது உங்கள் கையே இல்லை. யார் எழுதியது?

அடுத்தது, கடுகுக்குக் குடும்ப விசா, எனக்கு வருகை விசா. ஏன்? வருகை விசா என்றால் அறுபது நாள். அறுபத்தோராம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பவேண்டும். "அண்ணே, எதுக்குப் போறீங்களோ அதுக்கான விசாவை இங்கேயே எடுத்துக்குங்க. அங்க போய் மாத்தலாம்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க" என்று கடையில் தினம் பத்துப் பேரிடம் தொண்டை வற்றச் சொல்கிறேன். இன்று என் படிவத்தைப் பார்த்துவிட்டு முதலாளி, "என்னம்மா, புள்ள குடியிருக்கப் போகுது, நீ விருந்தாளியா போறியா?" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

குழந்தையைக் குடியமர்த்துவதற்குத் தாயின் சம்மதக் கடிதம் வேண்டுமே, அதையும் காணோம். உயரம் நாலடி ஓரங்குலம். செருப்பு அளவு தாளின் பின்புறம் வரைந்திருக்கிறேன்.

உங்கள் விண்ணப்பம்


மார்ச் 24

அன்பு விண்ணப்பத்துக்கு,

கேள்வி கேட்பதில் உன்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வீடு கம்பெனி கொடுத்தது. படிவம் எழுதியது எங்கள் ஆபீஸ் கணக்கு அம்மா. என் சம்பளத்துக்கு இப்போதைக்கு ஒருவரைத்தான் குடும்ப விசாவில் அழைக்க முடியும். பள்ளிக்கூடத்தில் இடம் போய்விடும் என்பதால் முதலில் கடுகு. நீ வருகை விசாவில் வந்து சேர், மற்றதை இங்கே பார்த்துக்கொள்ளலாம். முடியாது என்று நீ சொல்வாய். சட்டம் உங்கள் கடைக்கு வந்து சேர்வதற்குள் இங்கே இரண்டு தடவை மாறிவிடும்.

சம்மதக் கடிதத்துக்கு நீ அலைய வேண்டாம். நான் புறப்பட்ட அன்று ஆத்திர அவசரத்துக்கு உதவும் என்று, அடியில் மட்டும் கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள்கள் ஆளுக்கு ஐந்து மாற்றிக்கொண்டோமே, நினைவிருக்கிறதா? விமான நிலைய வாசலில், பெட்டியையே மேசையாக வைத்துக்கொண்டு, கையெழுத்துக்குக் கீழே இரண்டு கோடு இழுத்து இழுத்து நீ போட்டாய். உன் தாளில் இரண்டு முன்பே செலவாகிவிட்டது. மூன்றாவதைச் சம்மதக் கடிதமாக்கி இங்கேயே கொடுத்துவிட்டேன். இன்னும் இரண்டு பத்திரமாக இருக்கிறது.

சீக்கிரம் கொடு. சும்மா யோசித்துக்கொண்டே இருக்காதே.

உன் லிப்ட்காரன்


ஏப்ரல் 4

அன்புள்ள என்னங்களுக்கு,

கொடுத்துவிட்டேன். இரண்டு படிவம், இரண்டு பாஸ்போர்ட். அலுவலகத்தில் என்னைத் தெரியாதவர்கள் இல்லையே, வரிசையில் நிற்கவிடாமல் வாங்கிக்கொண்டார்கள்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் சம்மதத்தை எழுதியது வலிக்கிறது. நான் உங்கள் தாளில் வீட்டு ஒப்பந்தம் எழுதினேன், பள்ளிக்கு எழுதினேன், நாலு தாள் தீர்ந்தது. ஒவ்வொரு தடவையும் உங்களிடம் கேட்டுவிட்டுத்தானே எழுதினேன்? சரி, போகட்டும். வந்த பிறகு சண்டை போட விஷயம் வேண்டாமா!

ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பி வந்திருந்தார். இந்த வீட்டு வாசலை அவர் மிதித்து இரண்டு வருஷமாகிறது. கடுகை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, "ஸ்கூல் எத்தனை மணிக்கு விடுறாங்க அண்ணி? கூட்டிட்டு வர யார் போறா?" என்று கேட்டார். நாலு மணி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு நடந்தே வந்துவிடுவாள் என்றேன். "தலைமையாசிரியை அம்மா கண்டிப்பானவங்களா?" என்று கேட்டார். சித்தப்பனுக்குத் திடீரென்று பாசம் பொங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் போன பிறகு, கதவைத் தாழிட்டுவிட்டோமா என்று இரண்டு முறை எழுந்து பார்த்தேன். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

உங்கள் விண்ணப்பம்


ஏப்ரல் 15

இன்று அலுவலகத்தில் கவுன்ட்டர் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். அவருக்கு ஏழு வருஷமாக என்னைத் தெரியும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்டுக்காரரோட குடியிருப்பு அட்டை நகல் வந்திருக்கு. அதுல மனைவின்னு இருக்கற எடத்துல வேற ஒருத்தங்க இருக்காங்க. உங்களை அந்தக் குழந்தையோட உறவுக்காரங்கன்னு போட்டிருக்கு" என்றார்.

உறவுக்காரி! வயிற்றில் சுமந்தவள் உறவுக்காரி!

என் படிவத்தை நான் முழுக்கப் படிக்கவில்லை. ஊரார் படிவத்தை வரிக்கு வரி படிக்கிறவள், என் புருஷன் அனுப்பியதுதானே என்று போட்டோ ஒட்டிக் கொடுத்துவிட்டேன். நாலாம் பக்கத்தில் இருந்திருக்கிறது.

நகலில், மனைவி என்று போட்டிருந்தவளின் கையெழுத்தும் இருந்தது. எழுத்து ஒவ்வொன்றும் கட்டத்துக்குள் அடங்கி உட்கார்ந்திருந்தது. கணக்கு அம்மாவின் கைதானே அது?

நான் பதறவில்லை. கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். என்னை அறுபது நாளில் திருப்பி அனுப்பிவிட்டு, என் பிள்ளையை வைத்துக்கொள்வதுதான் திட்டமா?


ஏப்ரல் 21

உனக்கு,

கத்தாமல் படி.

நேரில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அவள் நல்லவள். காய்ச்சலில் நான் கிடந்தபோது பார்த்துக்கொண்டவள். அவளுக்குக் குழந்தை கிடையாது, இனி பிறக்கவும் பிறக்காது. கடுகின் போட்டோவைப் பிரிட்ஜில் ஒட்டிவைத்துத் தினமும் பார்க்கிறாள். அந்த மஞ்சளை அவள்தான் தேர்ந்தெடுத்தாள்.

நீ படிவம் எழுதிப் பிள்ளையை எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடுவாய்? இங்கே கடுகுக்கு எல்லாம் இருக்கிறது. நீ அறுபது நாள் வந்து தங்கு, வீட்டைப் பார், இவளோடும் பழகு. பிறகு வருஷா வருஷம் வருகை விசா எடுத்துக் கொடுக்கிறேன். எந்த விசா சரி என்று கேட்டாயே, உனக்கு இதுதான் சரி.

விருப்பமில்லை என்றால் நீ வரவே வேண்டாம். நீ வந்தாலும் வராவிட்டாலும் ஆகவேண்டியது நிற்காது. தம்பிக்கு ஒரு கவர் அனுப்பியிருக்கிறேன். உன்னைச் சிரமப்படுத்த மாட்டான்.


ஏப்ரல் 30

ஐயா லிப்ட்காரரே,

மதியச் சாப்பாட்டு நேரம், மணி ஒன்றரை. கடையில் முதலாளி கண்ணயர்ந்திருக்கிறார். டப்பாவைத் திறக்காமல் இதை எழுதுகிறேன். உங்கள் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. பத்து தடவை படித்தேன். முதல் இரண்டு தடவை அழுதேன், அதற்குப் பிறகு கோபம் மட்டும்தான்.

உங்கள் தாளில் ஒன்று என்னிடம் மீதி இருந்தது, மறந்துவிட்டீர்கள். இன்று காலை அதை எடுத்து, "என் மகளுக்கான விசா விண்ணப்பத்தை நானே திரும்பப் பெறுகிறேன். அவள் தாயிடமே இருக்கட்டும்" என்று எழுதினேன். அடியில் உங்கள் கையெழுத்து ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாகப் போய்க் கொடுத்தேன். கவுன்ட்டர் அம்மா படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கடுகின் விசா முந்தாநாளே குத்தியாகிவிட்டதாம், ரத்து செய்ய ஒரு நாள் ஆகுமாம். பாஸ்போர்ட் இருந்த உறை மட்டும் உடனே கைக்கு அகப்படவில்லை. "நேத்து நான் வரல. இங்கதாங்க எங்கயாவது இருக்கும். நாளைக்கு மே தின லீவு, நாளன்னைக்கு வாங்க, தேடி வெக்கிறேன்" என்றார். அந்த அலமாரியின் லட்சணம் எனக்குத் தெரியாதா! நாளை மறுநாள் போய் நானே தேடிக்கொள்கிறேன்.

அப்படியே பள்ளிக்கும் போய், என்னைத் தவிர யார் வந்தாலும் கடுகை அனுப்பக்கூடாது என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிடுவேன். இன்றே போயிருக்கலாம். கடையில் பதினோரு பேர் படிவத்தோடு காத்திருந்தார்கள்.

நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் இரண்டு உங்களிடம் இருப்பது நினைவில் இருக்கிறது. அவற்றைக் கிழித்துப்போட்டுவிடுங்கள். பத்து வருஷம் சேர்ந்து வாழ்ந்ததற்கு இந்த ஒன்றையாவது செய்யுங்கள். பிள்ளையைப் பார்க்க ஆசையிருந்தால் நீங்கள் இங்கே வாருங்கள். வாசல் கதவு திறந்திருக்கும். பார்த்துவிட்டுப் போகலாம், அறுபது நாள் கணக்கெல்லாம் நான் போடமாட்டேன்.

காலையில் கடுகு, "அம்மா, மஞ்சள் ரூம் வேணாம், நாம இங்கயே இருக்கலாம்" என்றாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதற்கு எப்படித்தான் தெரிந்ததோ. அவளிடம், "சாயங்காலம் வா, ரெண்டு பேரும் கடைக்குப் போலாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். நாலு மணிக்கு வந்துவிடுவாள்.

இப்படிக்கு,
கடுகின் அம்மா


ஏப்ரல் 29

விசா அலுவலகப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

ஐயா,

கீழே கையெழுத்திட்டுள்ள நான், உடல்நலக் குறைவால் நேரில் வர இயலவில்லை. என் மகளின் பாஸ்போர்ட்டை இக்கடிதம் கொண்டுவரும் என் கணவரின் தம்பியிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குழந்தையின் தாய்
(கையெழுத்து, கீழே இரண்டு கோடுகள்)


ஏப்ரல் 30

பள்ளித் தலைமையாசிரியை அவர்களுக்கு,

அம்மா,

மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகளை, குடும்பத்தில் ஏற்பட்ட அவசரத்தின் காரணமாக, இன்று பகல் ஒரு மணிக்கு அவளுடைய சித்தப்பாவுடன் அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் வேலையில் இருப்பதால் போனில் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
குழந்தையின் தாய்
(கையெழுத்து, கீழே இரண்டு கோடுகள்)