கையைத் தூக்கியதற்கு மன்னிப்பு வேண்டாம்

லிம்பாஜி, ஞாயிறு

அன்பு மகள் மதாராவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், பரிமாற்றத்தில் உனக்கு ஜோடியாக இங்கே படிக்க வந்து உன் அறையில் இருக்கும் மஃபால்தாவும் சுகம். நீ சாப்பிட்டுத் தூங்கி ஆரோக்கியமாக இருந்தால் போதும், கோபமாக இருப்பாய் என்று தெரியும், அதை நான் குறையாக நினைக்கவில்லை. போனில் பேசினால் நடுவில் அம்மா பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் உட்கார்ந்து மின்னஞ்சல் அடிக்கிறேன், வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இதை முழுக்கப் படி.

அந்த ஊரில் உன் பள்ளித் தலைமையாசிரியர் எங்களுக்கும் எழுதியிருக்கிறார். மாணவர் கூட்டத்தில் மாலைப் பேருந்தை முன்னதாக விடுவதா என்று வாக்கெடுத்தபோது, பரிமாற்றத்தில் வந்த பிள்ளைகள் வாக்களிக்கக் கூடாது என்று சொல்லியும் நீ கையை இறக்கவில்லையாம், வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்காவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். அம்மா படித்த உடனே, "ஒரு மன்னிப்புதானே, கேட்டுட்டுப் போகட்டுமே, என்ன கொறஞ்சிடும்?" என்றாள். குறையும் என்றேன். தினமும் அந்தப் பேருந்தில்தான் நீ மஃபால்தாவின் கிராமத்து வீட்டுக்குத் திரும்புகிறாய், அது சீக்கிரம் கிளம்பினால் உன் இசைக்குழுப் பயிற்சி போச்சு. ஐரோப்பா முழுக்க நாம் ஒரே குடிமக்கள் என்று காலையில் வகுப்பு எடுப்பார்களாம், மத்தியானம் கையைத் தூக்கினால் நீ வெளியூர்க்காரியாம். நான் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன், மேலே போகும் பொத்தானை அழுத்தினால் கீழே போகிற லிஃப்டை நான் பூட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பேன்.

நான் சும்மா பேசவில்லை, நேற்று இங்கே நடந்ததைக் கேள். எல்லோரும் கூடி வேலை செய்கிற வசந்தத் தால்கா நாள், நம் குடியிருப்பில் எல்லோரும் துடைப்பமும் வாரியுமாக முற்றத்தைச் சுத்தம் செய்தோம், மஃபால்தா காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் பழைய இலையை வாரினாள், கையில் கொப்புளமே வந்துவிட்டது. சூப் குடித்து முடித்ததும் வழக்கம்போல லிண்டன் கன்றை எங்கே நடுவது என்று கை தூக்கச் சொன்னார்கள். குப்பைத் தொட்டிப் பக்கமா, அல்லது தரைத்தளத்து ஜன்னல் எதிரே நான் கார் நிறுத்துகிற இடத்திலா. நம் சங்கத் தலைவி ஸ்கைத்ரீதே மஃபால்தாவைப் பார்த்து, "நீ கைய எறக்கும்மா, விருந்தாளிக்கு சூப் ஊத்துவோம், ஓட்டுக் கேக்க மாட்டோம்" என்றார். எனக்கு உன் தலைமையாசிரியர் ஞாபகம் வந்து சுர்ரென்று ஏறியது. "குப்ப வாரும்போது மட்டும் அவ விருந்தாளி இல்லயா அக்கா? இந்தப் படியிலதான ஏறி எறங்குறா, வேல செஞ்சவங்க கை தூக்கலாம்னுதான நம்ம தால்கா வழக்கம்?" என்று கத்தினேன். ரொம்ப நேரம் நான் வாதாடிய பிறகு ஒரு வழியாக ஸ்கைத்ரீதே, "சரிப்பா, உன் தொண்ட கிழியறதுக்குள்ள தூக்கட்டும்" என்றார்.

அவள் தூக்கினாள். கன்றை என் கார் இடத்தில் நடத்தான். அவள் கை இல்லாவிட்டால் சமம், அவள் கையால் என் இடம் போச்சு. திரும்பி என்னிடம், "மன்னிச்சுக்கோங்க காத்திஸ், நீங்க கார கெளப்புறப்ப எல்லாம் கீழ்வீட்டு ஜன்னலுக்குள்ள பொகதான் போகுது" என்றாள். மேல்வீட்டு ஆந்த்ரிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வக்கீல் வாதாடி ஜெயிச்சு, அதே கேஸ்ல தானே தோத்துட்டாரு!" என்று முற்றம் அதிரச் சிரித்தான். எனக்கு எரிச்சல்தான், மறைக்கமாட்டேன், இன்று காரைத் தெருமுனையில் விட்டுவிட்டு மழையில் நடந்தேன். ஆனாலும் அடுத்த வருஷமும் அவள் இங்கே இருந்தால் அவள் கைக்காக இதே சண்டையைப் போடுவேன். நமக்குச் சாதகமாக விழும் வாக்கை மட்டும் மதிப்பது ஒரு மதிப்பா?

ஆக, விஷயம் இதுதான். நீ தலைமையாசிரியரைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னாயாம், அது தப்பு, வெள்ளிக்கிழமை எழுந்து நின்று அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் மன்னிப்புக் கேள், முணுமுணுக்காமல் ஒழுங்காகக் கேள். கையைத் தூக்கியதற்குக் கேட்காதே. இரண்டையும் சேர்த்து எழுதிய தாளை யாராவது நீட்டினால் படிக்காதே. அனுப்பிவிட்டால் அனுப்பட்டும், ரீகா விமான நிலையத்தில் நான் நிற்பேன், குற்றவாளி மாதிரி குனிந்துகொண்டு வெளியே வராதே. எனக்கும் உனக்கும் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம், உன் வயதில் எங்கேயும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும், இன்றைக்கும் அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வெயிலில் தொப்பியில்லாமல் அலையாதே, மஃபால்தாவின் அம்மா சமைத்தால் பாத்திரமாவது கழுவிக் கொடு, உனக்கு எந்தக் குறையும் வராமல் நன்றாக இரு. முக்கியமாக அந்த அம்மாவிடம் இதைச் சொல்லிவிடு. ஒருத்தி திரும்பினால் ஜோடியும் திரும்ப வேண்டும் என்று பரிமாற்ற விதி இருக்கிறதாம், மஃபால்தா பயந்துபோய் நேற்றே பெட்டியை எடுத்து வைத்தாள். உன் அம்மா, மன்னிப்புக் கேட்கச் சொன்ன அதே அம்மா, பெட்டியைப் பிடுங்கி அலமாரி மேல் ஏற்றிவிட்டு, "அவங்க எங்க பொண்ண அனுப்பினா அனுப்பட்டும், இந்தப் பொண்ணு படிப்பு முடியாம இங்கேருந்து எங்கயும் போக மாட்டா" என்று சொல்லிவிட்டாள்.

உன் அப்பா,
காத்திஸ்