கிணற்றுக்கு வந்த கடல்மீன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. பிரசவத்துக்கு இங்கே வருவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பெற்ற மகளை வராதே என்று சொல்லும் தகப்பன் உண்டா என்று நினைப்பாய். என் அச்சம் வீணானதாகவும் இருக்கலாம். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்று மெக்கானிக்கை அழைத்தேன். கிணற்றிலிருந்து குழாயைத் தூக்கினால், அதன் அடிமுனையில் தண்ணீர் உறிஞ்சும் ஃபுட்வால்வை அடைத்துக்கொண்டு ஒரு மீன். வெள்ளி நிறம், வயிறு நிறையச் சினை. "சார், இனிமே நீங்க மார்க்கெட்டுக்கே போக வேணாம், சட்டியோட போய்க் குழாயத் தொறந்தாப் போதும்" என்று சிரித்தான். கிணற்றை எட்டிப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை. ஸ்பானரைப் போட்டுவிட்டுப் போனவன், அதை எடுக்க இன்னும் வரவில்லை.

உள்ளே அதே மீன்கள் கூட்டமாக நின்றன. கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்கு மட்டும் தாம் பிறந்த ஆற்றுக்குத் திரும்பும் இனம். விலங்கியல் நடத்தியவனுக்கு அது தெரியாதா? நம் வீடு தூர்ந்துபோன ஆற்றின் மேல் கட்டியது என்பதும் தெரியும். ஆனால் அந்தக் கிணற்றுக்கு ஒரு வாய்க்கால்கூடக் கிடையாதே. அவை நீந்தவும் இல்லை. எல்லாம் ஒரே பக்கமாக, பின்னறைச் சுவரைப் பார்த்தபடி நின்றன. நீ பிறந்த அறை அது.

கிணற்றை மூடிவிடலாம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "பொறந்த எடம் தேடி வருதுங்க, உங்களுக்கு என்ன நோவுது? ஊருக்கே பாடம் எடுத்தவரு, மீனப் பாத்து மெரள்றீங்களே!" என்று கேலி செய்தாள். நீ வருவதாக எழுதும் முன்பே, உனக்காகப் பின்னறையைக் கழுவிவிட்டாள். அந்த ஈரம் இன்னும் காயவில்லை. துடைக்கப் போனால் தடுக்கிறாள். அறை முழுக்க உப்பு வாடை.

அதன் பிறகுதான் உன் கடிதம் வந்தது. "ஒரு வாய் எறங்கலப்பா, பசியே இல்ல, வீட்டுக்கு வரணும்னு மட்டும்தான் இருக்கு" என்று எழுதியிருந்தாய். உரக்கப் படித்தேன். உன் அம்மா பதறவில்லை. அவள் முகம் மலர்ந்தது. நேராகக் கிணற்றடிக்குப் போய், குனிந்து, "அவளும் கெளம்பிட்டா" என்றாள். அதுவரை அசையாதிருந்த தண்ணீர் சளசளத்தது.

ஆறு ஏறத் தொடங்கிய மீன் இரை எடுக்காது, அம்மாடி. முட்டையிட்டு முடித்ததும் அதற்கு என்ன ஆகும் என்பதை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். இந்தத் தாளில் எழுதக் கை வரவில்லை.

அம்மாவும் உனக்குத் தனியாகக் கடிதம் போட்டிருக்கிறாள். என்னிடம் காட்டவில்லை. வா என்றுதான் இருக்கும். நீ வராதே. நான் அங்கே வருகிறேன். எனக்குச் சமைக்கத் தெரியாது, பயந்த சுபாவம் வேறு. ஆனாலும் பக்கத்தில் இருப்பேன். மாப்பிள்ளையிடம் இதைக் காட்டு. குமட்டினாலும் ஒரு கவளம் விழுங்கு.

நல்லபடியாகப் பெற்றெடு. பெற்றெடுத்த பின்னும் இரு.

உன் நலம் ஒன்றையே வேண்டும்,
அப்பா