இருமாமல் வந்த கார்

செவ்வாய்க்கிழமை, ராத்திரி. மழை இப்போதுதான் விட்டது.

இன்றைக்கு இவர் தோட்டத்துத் துரையைக் காரில் கோலா கிளாவாங்குக்கு ஏற்றிப்போனார். மலை ரோடு. போன மாதம் அங்கேதான் ஒரு லாரியைக் கம்யூனிஸ்ட்காரர்கள் காட்டுக்குள்ளிருந்து சுட்டார்கள்.

துரையின் ரெண்டு கதவு சீமைக் கார் ரப்பர் மரங்களுக்கு அந்தப் பக்கம் வரும்போதே இருமும். அதைக் கேட்டுத்தான் தினமும் ரசத்தைச் சுடவைப்பேன். இன்றைக்கு ஊரடங்கு மணி அடித்து, முள்கம்பி கேட்டையும் சாத்திவிட்டார்கள். இருமல் வரவில்லை. அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன புள்ள, விளக்குகூட ஏத்தலை?"

வாசலில் இவர்.

சீமைக் கார் காலையில் கிளம்பவில்லையாம். பக்கத்துத் தோட்டத்துத் துரையின் அமெரிக்கக் காரை இரவல் வாங்கிப் போனார்களாம். மணிக்கு முன்னாடியே தோட்டத்துக்குள் வந்தாயிற்றாம், பங்களாவில் காரைத் துடைத்து வைத்துவிட்டு வர நேரமாகிவிட்டதாம். அதுவும் ரெண்டு கதவுதான். ஆனால் சாப்பிடும்போதெல்லாம் அதன் பேச்சுதான். சீமைக் காரில் முழங்கால் இடிக்கும், ரோட்டுக் கல் ஒவ்வொன்றும் முதுகில் தெரியும். இது தொட்டில் மாதிரியாம். கியர்கூட ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருக்கிறதாம்.

"வர்றதே தெரியாதுலா," என்றார்.

"எனக்கும்தான் தெரியலை," என்றேன்.

சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னையே பார்த்தார்.

"நாளைக்கு நம்ம வண்டியைச் சரிபண்ணிடுறேன். இருமலை மட்டும் அப்படியே விட்டுடுறேன்."

இப்போது பாயில் குறட்டை விடுகிறார். சீமைக் கார் மேடு ஏறுகிற அதே சத்தம். விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பேன்.