இரண்டு தரம் கூப்பிட்ட குரல்

கட்டுகஸ்தோட்டை,
4.1.1935

என் அன்பான பாக்கியத்துக்கு,

உன் நத்தார்ப் பண்டிகை வாழ்த்து வந்து பத்து நாளாகிறது. பதில் பிந்திவிட்டதென்று கோபிக்காதே. நேசத்துக்கு இரண்டு பல் வருகிறது. பிள்ளை என் தோளை விட்டு இறங்குவதில்லை. நேசத்தின் அப்பாவும் இங்கே இல்லை. கேகாலைப் பக்கம் காய்ச்சல் மோசமென்று ஆஸ்பத்திரி அப்போதிக்கரிமாரை எல்லாம், அவரையும் சேர்த்து, அங்கே அனுப்பிவிட்டார்கள்.

இங்கேயும் மோசந்தான். மழை இல்லாமல் மகாவலி ஆறு குட்டை குட்டையாய் நிற்கிறது. அக்கரையில், நேசம் வயிற்றில் வரும்வரை நான் படிப்பித்த மிஷன் பள்ளியையும் பூட்டிவிட்டார்கள். அங்கே எல்லாருக்கும் முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள், பகல் பன்னிரண்டு மணியென்றால் ஊரே ஒன்றாய்ப் படுத்து நடுங்குகிறது. அந்த நேரம் ஒரு கூரையிலும் புகை இல்லை. நாய்கள் வாசலில் இருந்து வீட்டுக்குள்ளே பார்த்துக்கொண்டிருக்கின்றன. என் ஜன்னலிலிருந்து தெரியும்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வர, வீரசிங்கம் போதகர் மறித்தார். பள்ளியைத் திறந்து கொயினா மருந்து கொடுக்கவும் கஞ்சி காய்ச்சவும் ஆள் வேணுமாம். என்னை வரச் சொன்னார். எனக்குச் சிங்களம் தட்டித் தடவித்தான் வரும், நோயாளியைக் கண்டால் கை நடுங்கும், பால்குடிப் பிள்ளை வேறு என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. "பிள்ளை, உம்மைக் கூப்பிடுகிறது நான் இல்லை" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள்தான் அது தொடங்கியது. மத்தியானம் பிள்ளைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறேன், ஆற்றுப் பக்கமிருந்து "டீச்சர்" என்று ஒரு பெண்குரல். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். பிறகு இல்லை. செவ்வாய் ஒன்றுமில்லை. புதன் திரும்பவும் அதே நேரம், அதே இரண்டு தரம். இன்று வெள்ளி, பக்கத்துக் கடைக்காரர் மனைவி றம்லத்தைக் கூப்பிட்டு அருகில் இருத்திக்கொண்டேன். எனக்குக் கேட்டது. அவ என் முகத்தைப் பார்த்து, "எனக்கு ஒண்டும் கேக்கல்லயே, தங்கச்சி" என்றா.

உச்சிப் பொழுதில் ஆர் கூப்பிட்டாலும் மூன்றாம் தரம் கேட்டால்தான் ஏனென்று கேட்க வேணும், பேய்க்கு இரண்டுக்கு மேல் வராது என்று எங்கள் வீட்டில் சொல்லுவார்கள். கொலிஜில் நாங்கள் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இப்போது நான் வாயைப் பொத்திக்கொண்டு மூன்றாவதுக்காகக் காத்திருக்கிறேன், பாக்கியம். அது வருவதில்லை.

எனக்காக ஜெபித்துக்கொள்.

உன்,
தவமணி

———

சங்கானை,
8.1.1935

அன்பின் தவமணிக்கு,

கொலிஜில் கணக்கில் எனக்கு மேலே வந்தவள் நீ. காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள், பன்னிரண்டு மணிக்கு என்று நீயே எழுதுகிறாய். குரலும் அதே நாள், அதே நேரம் என்று நீயே எழுதுகிறாய். இரண்டையும் கூட்டிப் பார்க்கத் தெரியாதா? பேய் எங்கேயடி முறை வைத்து வரும்? ஆரோ காய்ச்சற்காரி கூப்பிடுகிறாள்.

றம்லத்துக்கு ஏன் கேட்கவில்லையென்று எனக்குத் தெரியாது. அது அவவைக் கூப்பிடவில்லையாக்கும்.

கடைசி வருஷ ஆராதனையில் காணிக்கைத் தட்டிலே அட்டை வந்தது ஞாபகமா? "அனுப்பும் இடத்துக்குப் போவேன்" என்று எழுதியிருந்தது. அதில் கையெழுத்து வைத்துப் போட்டோமே. தகுதி இருந்தால் போவேன் என்று அதில் இல்லை. பிள்ளையை ஆரிடமாவது கொடுத்துவிட்டு ஒருக்கால் போய்ப் பார்.

உன்,
பாக்கியம்

———

கட்டுகஸ்தோட்டை,
24.1.1935

என் பாக்கியத்துக்கு,

இதுவும் பிந்தித்தான் எழுதுகிறேன். உன் கடிதம் பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை காலை கிடைத்தது. அதற்குள் குரல் இரண்டு தரத்திலிருந்து ஒரு தரமாய்க் குறைந்து, வியாழக்கிழமை அதுவும் இல்லாமற் போயிருந்தது. கேட்காத அன்றுதான் எனக்கு முன்னிலும் அதிகமாய்ப் பயம் வந்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு றம்லத்திடம் போனேன். நான் கேட்க முதலே அவ கையை நீட்டிவிட்டா. தன் மகனோடு சேர்த்துப் பாலும் கொடுக்கிறா. "இனி இவங்க ரெண்டு பேரும் ஒரு பால் குடிச்ச புள்ளைகள். கலியாணம் பேச ஏலாது, சொல்லிட்டேன்" என்று சிரித்தா. நான் அழுதேன்.

பாலத்தால் போனேன். அக்கரையில் ஒருவர் வெளியில் இல்லை. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் அறையில் கமலம் கிடந்தாள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வந்து, அங்கேயே தங்கிப் பள்ளியைக் கூட்டிப் பெருக்குகிறவள். காய்ச்சல் இல்லாத நாட்களில் வீடு வீடாய்ப் போய் மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். தன் முறை நாளில், நடுக்கம் தொடங்கும்போது, என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

ஏன் மூன்றாம் தரம் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"பெரியவங்கள ரெண்டு தடவைக்கு மேல கூப்புடக் கூடாதுங்க டீச்சர். அது அதிகாரமாப் போயிரும்" என்றாள்.

நான் மூன்றாவதுக்குக் காத்திருந்தேன். அவள் இரண்டோடு நிறுத்திக்கொண்டாள்.

இன்னொன்று, பாக்கியம். அதை அவள் எப்படிச் சொன்னாள் தெரியுமா? வாயருகே காதை வைத்துத்தான் கேட்டேன். கிழமைக் கணக்காய்க் குரல் அப்படித்தான் இருந்ததாம். அந்தக் குரல் அறை வாசலைத் தாண்டாது. ஆற்றை எப்படித் தாண்டியது?

கொயினா அளந்தபோது கை நடுங்கி அரைவாசி சிந்தியது. அங்கே நடுங்காத கை ஒன்றும் இருக்கவில்லை, ஒருவரும் கவனிக்கவில்லை. கமலம் ஞாயிறு விடிய இறந்துபோனாள். திங்கள் காலை அடக்கம் செய்தோம். இனி என்னால் ஏலாது, பிள்ளையிடம் போய்விடுவோம் என்று பள்ளிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசல் படலையடிக்கு வந்தேன். மத்தியானம். முதுகுக்குப் பின்னால், பூட்டிய அவளுடைய அறைக்குள்ளிருந்து, "டீச்சர்" என்று கேட்டது.

ஒரே தரம். அதுதான் மூன்றாவது.

வேதத்தில், கோயிலுக்குள் படுத்திருந்த சிறுவனைக் கூப்பிட்டது ஆண்டவரென்றுகூட மூன்றாம் தரத்தில்தான் விளங்கியது. நான் திரும்பிப் பார்க்காமல் "ஓம், வாறன்" என்றேன். அறைக்குப் போகவில்லை, பள்ளியைத் திறந்தேன். அன்றிலிருந்து நாற்பது பேருக்குக் கஞ்சி காய்ச்சுகிறேன். சிங்களம் இன்னும் தட்டித் தடவித்தான். பயமும் போகவில்லை.

பன்னிரண்டாகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கும் காய்ச்சல். இன்று என் முறை நாள். விரல் நுனி குளிரத் தொடங்கிவிட்டது. காய்ச்சல் தொற்றாதென்று அவர் எழுதியிருக்கிறார், ஆனாலும் பிள்ளையை றம்லத் வீட்டிலேயே விட்டிருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் நேசம் சிரிப்பது கேட்கிறது. நாளைக்கு எழும்பிப் போய்விடுவேன். நாளை மறுநாள் கஞ்சிக்குத்தான் ஆளில்லை.

எழுத்து கோணுகிறது. மன்னித்துக்கொள்.

உன்,
தவமணி

———

சங்கானை,
26.1.1935

என் தவமணி,

உன் கடிதம் இன்று கிடைத்தது. என்னை வா என்று நீ ஓரிடத்திலும் எழுதவில்லை. திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்துவிட்டேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேணும். அன்று அந்த அட்டையில் நான் கையெழுத்து வைக்கவில்லை. மடித்து, வெறும் அட்டையாய்த் தட்டில் போட்டேன். பயம். அதை வைத்துக்கொண்டுதான் உனக்குப் புத்தி சொன்னேன்.

போன வியாழன், நீ இந்தக் கடிதம் எழுதிய அன்று பகல், ஐந்தாம் வகுப்பில் பின்னம் படிப்பித்துக்கொண்டு நின்றேன். ஜன்னலடியில் "பாக்கியம்" என்று கேட்டது. உன் குரல். பள்ளியில் என்னை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிள்ளைகள் ஒருவரும் தலை நிமிரவில்லை. சோக்கட்டியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரத்துக்காக நின்றேன். இல்லை. மணிக்கூட்டில் பன்னிரண்டு ஐந்து.

எனக்குச் சிங்களம் ஒரு சொல்லும் வராது. கஞ்சி காய்ச்சினால் அடிப்பிடிக்கும், உனக்குத் தெரியும். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். நாளை இரவு மெயில் ரயிலில் ஏறுகிறேன். இந்தக் கடிதம் முந்துமோ நான் முந்துவேனோ தெரியாது.

வாசலில் நின்று ஒரு தரம்தான் கூப்பிடுவேன். கதவைத் திற.

பாக்கியம்