வெட்டுப்பட்ட டைனமோ வயர்

சோழவரம்
12.8.1973

அன்புத் தங்கைக்கு,

உன் வீட்டுக்காரர் காலையில் பைக்கைத் தள்ளிக்கொண்டு என் ஷெட்டுக்கு வந்தார். "பேட்டரிக்கு சார்ஜ் போட்டா கும்மிடிப்பூண்டி வரைக்கும் போவுது மச்சான். திரும்பி வரசொல நடுரோட்ல நின்னுடுது" என்றார். என்ஜின் ஓடும்போதும் சார்ஜ் காட்டும் முள் அசையவில்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவைத் திறந்தேன். வயர் தேய்ந்து அறுந்ததல்ல, கத்தியால் வெட்டியது.

பிளக் வயரை வெட்டியிருந்தால் வண்டி கிளம்பவே கிளம்பாது, அவர் வீட்டிலேயே கிடப்பார். இதை வெட்டினால் பேட்டரி தீரும்வரை போகும், திரும்பாது. மெக்கானிக்கின் தங்கைக்குத்தான் அது தெரியும்.

எலி கடித்திருக்கிறது என்றேன். அவர் குனிந்து பார்த்துவிட்டார்.

"அவ வேலதான் இது. இன்னிக்கு இன்னொரு கையயும் ஒடிச்சிட்டுத்தான் மறுவேல."

கிணற்றடியில் வழுக்கி விழுந்து கை ஒடிந்தது என்றல்லவா நீ எழுதியிருந்தாய்?

பெரிய ஸ்பேனர் என் கையிலேயே இருந்தது. இரண்டு முழங்காலிலும் அடித்தேன். எலும்பு உடைந்த சத்தம் கேட்ட பிறகும் நிறுத்தவில்லை. அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன். நான் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறேன்.

வயரை இணைத்தாயிற்று. வண்டி இனி நடுவழியில் நிற்காது. ஓட்டத்தான் அவரால் ஆகாது. அந்தக் கத்தியைக் கழுவிச் சமையலுக்கே வைத்துக்கொள்.

உன் அண்ணன்